ஆறு வோல்ட் வண்டியில் இக்னிஷன் பாகங்களை அடையாளம் காண்பது

கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் பக்கம் இருந்து விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள் 12 வோல்ட் வண்டிகள். அவற்றுக்கு எந்தப் பட்டறையிலும் வைத்தியம் கிடைக்கும். இந்த அத்தியாயம் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும் வண்டிகளுக்கானது: ராணுவ ஏலத்தில் கைமாறி வந்த வில்லிஸ் ஜீப், தாத்தா ஓட்டிய ஜாவா, பழைய புல்லட், மாமா வைத்திருந்த பஜாஜ் 150. இவற்றைத் திறந்து பார்க்கும் இளம் மெக்கானிக்குகள் பலரும் 6 வோல்ட் வண்டியைத் தொட்டே இருக்க மாட்டார்கள். ஆகவே எது எது என்று முதலில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வண்டிகள் பல கை மாறியவை. கம்பெனி வைத்த இடத்தில் கம்பெனி வைத்த பாகம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அம்பாசடர் காயில் ஜீப்பில் இருக்கும். ஸ்கூட்டர் கண்டென்சர் புல்லட்டில் இருக்கும். இருக்கும் இடத்தையும் உருவத்தையும் வைத்து ஒரு பாகத்துக்குப் பெயர் சொல்லக்கூடாது. ஒயர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில், வண்டி 6 வோல்ட்தானா?

1. பேட்டரியில் எத்தனை மூடி என்று எண்ணுங்கள். மூன்று அறை என்றால் 6 வோல்ட், ஆறு அறை என்றால் 12. முழுச் சார்ஜில் 6 வோல்ட் பேட்டரி 6.3 அல்லது 6.4 வோல்ட் காட்டும்.

2. பேட்டரியை மட்டும் நம்பி முடிவுகட்ட வேண்டாம். ஹெட்லைட் பல்பைக் கழற்றி அதன் அடியில் அச்சாகியிருப்பதைப் படியுங்கள். டைனமோவின் தகட்டையும் துடைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே எண்ணைச் சொன்னால் சரி. ஒன்று மாறினாலும் யாரோ பாதி மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

3. வண்டியின் வயதையும் கணக்கில் எடுங்கள். 1941 முதல் 1945 வரை தயாரான வில்லிஸ் எம்.பி. 6 வோல்ட். சி.ஜே.-3பி ஜீப் முதலில் 6 வோல்ட்டாக வந்து பிறகு 12-க்கு மாறியது. மைசூரில் 1961-இல் தயாரிப்பைத் தொடங்கிய ஐடியல் ஜாவாவின் பழைய வண்டிகள் 6 வோல்ட்.

பிறகு, எந்த முனை எர்த் என்று பாருங்கள். பேட்டரியில் இருந்து ஒரு கேபிள் நேராகச் சேஸிஸில் அல்லது ஃபிரேமில் போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருக்கும். அது மைனஸ் முனையில் இருந்து வந்தால் நெகட்டிவ் எர்த். பிளஸ்ஸில் இருந்து வந்தால் பாசிட்டிவ் எர்த். வில்லிஸ் நெகட்டிவ் எர்த். பழைய பிரிட்டிஷ் வழி வந்த வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் சாதாரணம். நோட்டின் முதல் வரியாக இதை எழுதுங்கள். பின்னால் காயிலை மாட்டும்போது இது இல்லாமல் நகர முடியாது.

ஒயர் ஏன் இவ்வளவு தடிமன்?

தியரி இந்த ஒரு பத்தி மட்டும்தான். 36 வாட் பல்ப் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும். 6 வோல்ட்டில் 6 ஆம்பியர். லோயர் கேம்ப் பவர் ஹவுஸுக்கு மலையில் இருந்து இறங்கும் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அதே மின்சாரத்தைப் பாதி உயரத்தில் இருந்து விழும் தண்ணீரில் எடுக்க வேண்டுமானால் இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டும், குழாயும் அகலமாக வேண்டும். 6 வோல்ட்டில் ஒயர் கனமாக இருப்பதும் இதனால்தான். துருப்பிடித்த ஒரு லக்கில் 1 வோல்ட் தொலைந்தால் 12 வோல்ட் வண்டி சமாளிக்கும். 6 வோல்ட் வண்டிக்கு அது ஆறில் ஒரு பங்கு.

கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், 6 வோல்ட் பல்ப் போட்ட டெஸ்ட் லாம்ப், ஃபீலர் கேஜ், ஸ்பேனர் செட், துணி நாடா அல்லது காகித டேப், அழியாத பேனா, நோட்டு. டெஸ்ட் லாம்ப்பில் 12 வோல்ட் பல்ப் போடாதீர்கள். 6 வோல்ட்டில் அது மினுக்கென்றுதான் எரியும். கரண்ட் வரவில்லை என்று நினைத்து நல்ல ஒயரை அறுத்துவிடுவீர்கள். எல்.இ.டி. டெஸ்டரில் சில 6 வோல்ட்டுக்கு எரியவே எரியாது.

போனில் படம் எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். எடுங்கள். ஆனால் படத்தை நம்பி ஒயரைப் பிடுங்காதீர்கள். அந்தக் காலத்து ஒயர்களுக்குத் துணி உறை. நிற இழை ஓடியிருக்கும். அறுபது வருட எண்ணெயும் புழுதியும் சேர்ந்தால் படத்தில் எல்லாமே ஒரே கறுப்பு. ஒவ்வொரு முனையிலும் டேப் சுற்றி எண் எழுதுவதுதான் காப்பாற்றும்.

தொடும் முன் பாதுகாப்பு

- மோதிரம், உலோகச் செயின் போட்ட வாட்ச், கைக்காப்பு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 6 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். பேட்டரி முனைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் நொடியில் பழுக்கக் காயும்.
- பேட்டரியில் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். எது எர்த் என்று ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். மைனஸ்தான் எர்த் என்ற பழக்க தோஷத்தில் கை வைக்காதீர்கள்.
- சார்ஜ் ஏறும் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அதன் பக்கத்தில் பீடி, தீக்குச்சி, பொறி எதுவும் கூடாது.
- காயிலில் இருந்து பிளக்குக்குப் போகும் தடித்த ஒயரில் பல்லாயிரம் வோல்ட் ஓடும். இன்ஜின் சுற்றும்போது அதைக் கையால் பிடிக்காதீர்கள். இதய நோய்க்காக பேஸ்மேக்கர் வைத்தவர் இந்த வேலைக்கே வர வேண்டாம்.
- பொறி பார்க்கும் முன் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கார்புரேட்டர் கசிந்திருந்தால் துடைத்து உலரவிடுங்கள்.
- வேலையைத் தட்டையான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலைச்சாலை ஓரத்தில் இந்த ஆராய்ச்சி ஆகாது. சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கியரை நியூட்ரலில் போடுங்கள்.

காயில் வண்டியா, மேக்னட்டோ வண்டியா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இரண்டும் நேர்மாறாக வேலை செய்பவை. காயில் வண்டியில் சுவிட்ச் போட்டால் பேட்டரி கரண்ட் காயிலுக்குப் போகும், அணைத்தால் நிற்கும். மேக்னட்டோ வண்டியில் ஃபிளைவீலில் உள்ள காந்தமே கரண்ட்டை உண்டாக்குகிறது. அங்கே சுவிட்சின் வேலை, அணைக்கும்போது அந்தக் கரண்ட்டை எர்த்தில் இறக்கிவிடுவது.

1. பேட்டரி இருந்தால் அதை முழுதாகக் கழற்றி வையுங்கள்.
2. பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உலோக உடலை சிலிண்டர் ஹெட்டில் அழுத்தமாகப் படும்படி வையுங்கள். பிளக் ஓட்டைக்கு நேரே வைக்க வேண்டாம். அதில் இருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சி வரும்.
3. சுவிட்சை ஓடும் நிலையில் வைத்து உதையுங்கள்.
4. பேட்டரி இல்லாமலே பொறி வந்தால் மேக்னட்டோ. வராவிட்டால் அநேகமாக காயில் வண்டி. அப்படியும் முடிவுகட்டாமல், சுவிட்சில் இருந்து வரும் ஒயரைப் பின்தொடர்ந்து உறுதி செய்யுங்கள். பழுதான மேக்னட்டோவும் பொறி தராது.

எச்சரிக்கை: மேக்னட்டோ வண்டியில் இக்னிஷன் ஒயருக்கு பேட்டரி கரண்ட்டை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பாயின்ட் கருகும், உள்ளே இருக்கும் சுருள் வெந்துபோகும். ‘ஸ்டார்ட் ஆகலையே, பேட்டரில இருந்து ஒரு ஒயர் இழுத்துப் பாப்போம்’ என்ற யோசனையால் செத்த ஸ்கூட்டர்கள் நிறைய.

ஜீப்பில் ஒயரைப் பிடித்துக்கொண்டு போகும் வரிசை

ஜீப்பில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருப்பதால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி இல்லை. எர்த் கேபிளைக் கழற்றிவிட்டு, எர்த் அல்லாத முனையில் இருந்து தொடங்குங்கள்.

1. பேட்டரியில் இருந்து விரல் தடிமன் கேபிள் ஒன்று ஸ்டார்ட்டர் சுவிட்சுக்குப் போகும். எம்.பி. ஜீப்பில் அது காலால் அழுத்தும் சுவிட்ச், தரையில் இருக்கும். அங்கிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இன்னொரு தடித்த கேபிள். ஸ்டார்ட்டரும் டைனமோவும் பார்க்க இரண்டு உருளைகள்தான். பெல்ட்டும் புல்லியும் இருப்பது டைனமோ. தடித்த கேபிள் ஏறி, ஃபிளைவீல் பக்கம் மூக்கை நுழைத்திருப்பது ஸ்டார்ட்டர்.

2. ஸ்டார்ட்டர் சுவிட்சின் பேட்டரி போல்ட்டில் இருந்தே ஒரு நடுத்தர ஒயர் கிளம்பி டேஷ்போர்டில் உள்ள ஆம்பியர் மீட்டருக்குப் போகும். மீட்டரின் முதுகில் இரண்டு போல்ட். ஒயர் வந்து சேரும் போல்ட்டுக்கு ‘1’, மறு போல்ட்டுக்கு ‘2’ என்று டேப் ஒட்டுங்கள்.

3. ‘2’-இல் இருந்து பல ஒயர்கள் கிளம்பும். ஒன்று இக்னிஷன் சுவிட்சுக்கு, ஒன்று லைட் சுவிட்சுக்கு, ஒன்று ரெகுலேட்டருக்கு. எது எது என்று சந்தேகம் வந்தால் இரு முனைகளையும் கழற்றி, மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து, கூவுகிறதா என்று பாருங்கள்.

4. இக்னிஷன் சுவிட்சின் மறுமுனை ஒயர் காயிலுக்குப் போகும். காயில் என்பது நடுவில் ஒரு கோபுரமும் இரு பக்கம் இரண்டு சிறு போல்ட்டும் உள்ள உருளை. சுவிட்ச் ஒயர் ஒரு போல்ட்டில். மறு போல்ட்டில் இருந்து மெல்லிய ஒயர் டெல்கோவின் வயிற்றுப் பக்கம் நுழையும். பட்டறையில் டெல்கோ என்பது டிஸ்டிரிபியூட்டர்.

5. காயிலின் கோபுரத்தில் இருந்து தடித்த ரப்பர் ஒயர் டெல்கோ மூடியின் நடு ஓட்டைக்கு. மூடியின் சுற்று ஓட்டைகளில் இருந்து நான்கு பிளக்குகளுக்கு நான்கு ஒயர்கள். வில்லிஸில் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒயரைப் பிடுங்கும் முன் மூடியிலும் ஒயரிலும் சிலிண்டர் எண்ணை எழுதுங்கள்.

6. டைனமோவில் A, F என்று இரண்டு முனை. அவற்றின் ஒயர்கள் ரெகுலேட்டரின் A, F முனைகளுக்குப் போகும். ரெகுலேட்டரில் மூன்றாவதாக B. அது ஆம்பியர் மீட்டரின் ‘2’ பக்கம் திரும்பி வரும். மூடியைத் திறந்தால் மூன்று சுருள் இருந்தால் முழு ரெகுலேட்டர். ஒரே சுருள் என்றால் அது வெறும் கட்அவுட். இரண்டு சுருள் லூக்கஸ் வகை. திறந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே உள்ள ஸ்பிரிங்கை வளைத்தால் இந்த அத்தியாயம் உங்களுக்கு உதவாது.

ராணுவ ஜீப்பில் ஒரு குழப்பம் உண்டு. ரேடியோ பொருத்திய வண்டிகளில் இரைச்சல் வராமல் இருக்க, இக்னிஷன், ரெகுலேட்டர் ஒயர்களின் வழியில் சிறு உலோக வடிகட்டிப் பெட்டிகளும், அங்கங்கே கண்டென்சர்களும் இருக்கும். வந்த ஒயரே மறுபக்கம் வெளியே போனால் அது வடிகட்டி. இன்று அது வேலை செய்யாவிட்டாலும் வண்டி ஓடும். உள்ளே ஷார்ட் ஆனால் மட்டும் ஓடாது. தூக்கி எறியாதீர்கள், பழைய வண்டி சேகரிப்பவர்கள் அதைத் தேடுகிறார்கள்.

காயில் 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா?

அதிகம் ஏமாற்றும் பாகம் இதுதான். முதலில் உடலைத் துடைத்து எழுத்தைத் தேடுங்கள். எழுத்து போயிருந்தால், இரண்டு சிறு போல்ட்டிலும் உள்ள ஒயர்களைக் கழற்றிவிட்டு அவற்றுக்கு இடையே ஓம் அளக்கவும். அளக்கும் முன் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்து, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். நாம் அளப்பதே ஒன்றிரண்டு ஓம்தான். மீட்டர் ஒயரின் அரை ஓம் கணக்கையே புரட்டிவிடும்.

6 வோல்ட் காயில் ஏறத்தாழ 1 முதல் 1.7 ஓம் வரை காட்டும். நேரடி 12 வோல்ட் காயில் 3 ஓமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். 3 வந்தால் சந்தேகமே இல்லை. 1.5 வந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள்: ரெசிஸ்டரோடு சேர்த்து ஓட்டும் 12 வோல்ட் காயிலும் அதே அளவு காட்டும். இந்த இடத்தில் ஓம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது; எழுத்தோ பார்ட் நம்பரோ வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 12 வோல்ட்டுக்கு மாற்றிய ஜீப்பில் சுவிட்சுக்கும் காயிலுக்கும் நடுவே வெள்ளைப் பீங்கான் கட்டி ஒன்று இருந்தால் அதுதான் ரெசிஸ்டர். ‘இது எதுக்கு வெட்டியா’ என்று அதைக் கழற்றி ஒயரை நேரே முறுக்கினால் காயில் சூடேறி எண்ணெய் கக்கும்.

முனைகளின் குறிகள் வண்டிக்கு வண்டி வேறு. அமெரிக்க காயிலில் பிளஸ், மைனஸ். லூக்கஸ் காயிலில் SW சுவிட்ச் பக்கம், CB பாயின்ட் பக்கம். ஜாவா போன்ற செக், ஜெர்மன் வழி வண்டிகளில் 15 சுவிட்ச் பக்கம், 1 பாயின்ட் பக்கம். அதே முறையில் 30 பேட்டரி, 31 எர்த்.

நெகட்டிவ் எர்த் வண்டியில் டெல்கோவுக்குப் போகும் ஒயர் காயிலின் மைனஸில் இருக்க வேண்டும். பாசிட்டிவ் எர்த்தில் பிளஸ்ஸில். SW, CB போட்ட பழைய காயில்கள் பாசிட்டிவ் எர்த் காலத்தவை. அப்படி ஒன்றை நெகட்டிவ் எர்த் ஜீப்பில் போட்டால் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், கம்பம் வரை ஓடும். பொறி பலவீனமாக இருப்பதால் லோடோடு குமுளி ஏற்றத்தில் இருமும். கார்புரேட்டரைக் குறை சொல்லி நாலு முறை கழற்றுவார்கள்.

பாயின்ட்டும் கண்டென்சரும்

டெல்கோ மூடியின் இரண்டு கிளிப்பைத் தள்ளி, மூடியை ஒயரோடு ஓரமாக ஒதுக்குங்கள். நடுத்தண்டின் தலையில் இருப்பது ரோட்டர். நேரே மேலே இழுத்தால் வரும். அடியில் தெரியும் தட்டில் நிற்பது பாயின்ட்: ஒரு கை அசையும், ஒரு கை அசையாது. தண்டில் உள்ள நான்கு முனைக் கேம் சுற்றும்போது அசையும் கையின் பேக்கலைட் குதிகாலைத் தள்ளும். பக்கத்தில் அரை விரல் நீளத்தில், ஒரே ஒயர் வெளியே வரும் தகர உருளை கண்டென்சர். அதன் உடலே எர்த்.

பாயின்ட்டின் இரு முகங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல நிலையில் மங்கலான சாம்பல் நிறம். ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் அதே அளவு மேடும் இருந்தால் கண்டென்சர் சரியில்லை, அல்லது அளவு தப்பான கண்டென்சர் போட்டிருக்கிறார்கள். நீலமாகக் கருகியிருந்தால் கரண்ட் அதிகம் ஓடியிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் கேமுக்கு யாரோ தாராளமாகக் கிரீஸ் வைத்திருக்கிறார்கள்.

கண்டென்சரை ஒயரில் இருந்து பிரித்துத்தான் அளக்க வேண்டும். பொதுவாக 0.2 முதல் 0.3 மைக்ரோஃபாரட் வரை. மல்டிமீட்டரில் அந்த வசதி இல்லாவிட்டால் ஓம் வைத்துப் பாருங்கள்; பூஜ்யத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட்.

ஆடி மாதச் சாரலில் லோயர் கேம்ப் பக்கம் வண்டி காலையில் எழாமல் போவதற்குப் பெரும்பாலும் டெல்கோ மூடிதான் காரணம். உட்புறம் பென்சில் கோடு போல் மெல்லிய கறுப்புக் கீற்று ஓடியிருந்தால் பொறி அந்த வழியாகத் தப்பிக்கிறது. துடைத்தால் போகாது, மூடியை மாற்ற வேண்டும்.

ஜாவாவிலும் புல்லட்டிலும் எங்கே?

ஜாவாவில் வலதுபக்க இன்ஜின் கவரைத் திறந்தால் டைனமோ முழுதாக உட்கார்ந்திருக்கும்: வெளியே சுருள்கள், கார்பன் பிரஷ்கள், நடுவில் கிராங்க் தண்டின் முனையில் கேம், அதன் பக்கத்தில் பாயின்ட், கண்டென்சர். பிரஷ்ஷின் ஒயரையும் பாயின்ட்டின் ஒயரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பாயின்ட் ஒயர் காயிலின் 1-க்குப் போகும். பிரஷ் ஒயர் ரெகுலேட்டருக்கு. சாவி ஹெட்லைட் தலையில் குத்தும் ஆணி போன்றது. பழைய வண்டிகளில் ஏதாவது ஓர் ஆணியே சாவியாக வேலை செய்யும், திருடனுக்கும்.

புல்லட்டில் பாயின்ட் தனி உருண்டையாக, சிலிண்டருக்குப் பின்னால் டைமிங் கேஸின் மேல் நிமிர்ந்து நிற்கும். பார்க்க ஜீப் டெல்கோவின் தம்பி. ஆனால் ஒற்றை சிலிண்டர் என்பதால் உள்ளே ரோட்டர் கிடையாது. ரோட்டரைக் காணோம் என்று தேடாதீர்கள்.

மேக்னட்டோ ஸ்கூட்டரில்

பழைய பஜாஜ், லாம்பிரெட்டா வண்டிகளில் ஃபேன் கவரைக் கழற்றினால் ஃபிளைவீல். அதில் உள்ள ஜன்னல் வழியாகவே பாயின்ட் தெரியும். பாயின்ட் இடைவெளி பார்க்க ஃபிளைவீலைக் கழற்றத் தேவையில்லை. கழற்றியே ஆக வேண்டும் என்றால் அதற்குரிய புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்க் தண்டு கோணும். வெளியே வரும் ஒயர்களில் லைட்டுக்குப் போவதும் இக்னிஷனுக்குப் போவதும் வேறு வேறு. வெளியே மாட்டியிருக்கும் எச்.டி. காயிலில் முடிவது இக்னிஷன் ஒயர். அதே இடத்தில் சேரும் இன்னொரு ஒயர் அணைக்கும் சுவிட்சுக்கு. அந்த ஒயர் அறுந்தால் வண்டி நிற்காமல் ஓடும். எர்த்தில் பட்டால் ஸ்டார்ட்டே ஆகாது. பொறி இல்லாத ஸ்கூட்டரில் முதலில் இந்த ஒயரைக் கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள்.

அடையாளம் சரிதானா? ஜீப்பில் ஒரு சோதனை

1. ஒயர்களைக் குறித்தபடி மாட்டி, எர்த் கேபிளைக் கடைசியாக மாட்டுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும். லைட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும்.
2. டெல்கோ நடுவே வரும் தடித்த ஒயரைக் கழற்றி, அதன் முனையை இன்ஜின் உலோகத்தில் கட்டுங்கள். இல்லாவிட்டால் இன்ஜின் பற்றிக்கொண்டு கிராங்க் கம்பி கையைத் திருப்பி அடிக்கும்.
3. கிராங்க் கம்பியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், சுற்றிப் பிடிக்காதீர்கள்.
4. ஒருவர் சுவிட்சைப் போட்டு ஆம்பியர் மீட்டரைப் பார்க்கட்டும். நீங்கள் மெதுவாகச் சுற்றுங்கள். பாயின்ட் மூடும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் சில ஆம்பியர் சாயும். திறக்கும்போது பூஜ்யத்துக்கு வரும். சாய்வதும் வருவதுமாக ஆடினால் பேட்டரியில் இருந்து பாயின்ட் வரை நீங்கள் அடையாளம் கண்டது அத்தனையும் சரி.
5. முள் சாய்ந்தே நின்றால் டெல்கோவுக்குள்ளோ அதற்கு முன்போ ஒயர் எர்த்தில் படுகிறது, அல்லது கண்டென்சர் ஷார்ட். அசையவே இல்லை என்றால் சுவிட்ச், காயில், பாயின்ட் மூன்றில் ஒன்று திறந்து கிடக்கிறது. 6 வோல்ட் டெஸ்ட் லாம்ப்பை எடுத்து மீட்டர் பக்கம் இருந்து வரிசையாக வாருங்கள்.
6. உடனே சுவிட்சை அணையுங்கள். பாயின்ட் மூடிய நிலையில் சுவிட்ச் போட்டபடி டீ குடிக்கப் போனால் காயில் கொதித்திருக்கும்.

உதிரிபாகம் வாங்கப் போகும்போது பழைய பாகத்தையே கையில் கொண்டுபோங்கள். ‘ஜீப் காயில் ஒண்ணு குடுங்கண்ணே’ என்று கம்பத்திலோ தேனியிலோ கேட்டால் 12 வோல்ட் காயில்தான் கைக்கு வரும்; கடைக்காரர் மேல் தப்பு இல்லை. மதுரையிலோ, சென்னை ஜி.பி. ரோட்டிலோ, புதுப்பேட்டையிலோ தேட வேண்டியிருக்கலாம். வோல்ட், எந்த முனை எர்த், முனைகளின் குறி, ஓம் அளவு, மாட்டும் கிளாம்ப்பின் விட்டம் ஆகிய ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். மீட்டரும் கூடவே போகட்டும்; காசு கொடுக்கும் முன் கடை மேசையிலேயே ஓம் அளந்துவிடலாம்.